மாத்திரை ஐந்து வேளை ஆகியும் அப்பா மதியம் உறைந்துபோகிறார்: அடுத்த சிகிச்சையை எதை வைத்து முடிவு செய்வது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அப்பாவுக்கு 66 வயது, பார்க்கின்சன் வந்து 9 ஆண்டு. சின்டோபா பிளஸ் ஐந்து வேளை (காலை 7, 10, மதியம் 1, மாலை 4, இரவு 8), பிரமிபெக்சோல் 0.5 மி.கி. மூன்று வேளை, பாசிட்டேன் 2 மி.கி. இரண்டு வேளை, கூடவே பழைய பிரஷர் மாத்திரையும் பக்கத்து டாக்டர் தந்த கேஸ் மாத்திரையும். மதியம் ஒரு மணி மாத்திரை பிடிப்பதே இல்லை. சாயங்காலம் உடம்பு தானாக நெளிகிறது. இரண்டு மாதத்தில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். ராத்திரியில் அறை மூலையில் யாரோ நிற்பதாகச் சொல்கிறார். ஒரு மருத்துவர் மூளையில் மின்முனை வைக்கும் டி.பி.எஸ். அறுவை சிகிச்சையை யோசிக்கச் சொன்னார், இன்னொருவர் மாத்திரையைக் கூட்டினால் போதும் என்றார். இருவரில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் விடை தெரிய வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த நான்கு தொல்லைகளில் எது லெவோடோபா (சின்டோபா பிளஸில் இருக்கும் முக்கிய மருந்து) குறைந்து வருகிறது, எது கூடி வருகிறது, எதற்கு லெவோடோபாவோடு சம்பந்தமே இல்லை? இது தெரியாமல் மாத்திரையைக் கூட்டினாலும் தப்பாகப் போகலாம், அறுவை அறைக்குப் போனாலும் தப்பாகப் போகலாம்.

இயக்கக் கோளாறுகளைப் பார்க்கிற மருத்துவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆனால் அப்பாவை நான் பார்க்கவில்லை. கீழே சொல்வது அவருடைய நரம்பியல் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும், என்ன எழுதிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக. இதை வைத்து வீட்டிலேயே மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். பார்க்கின்சன் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் இறுக்கம், நினைவு மங்கல் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். அது அரிதுதான், ஆனாலும் வருகிறது.

லெவோடோபா ரத்தத்தில் தங்கும் நேரம் மிகக் குறைவு. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் முதல் சில ஆண்டுகளில் மூன்று வேளை மாத்திரை நாள் முழுக்கத் தாங்குவதற்குக் காரணம், மிச்சமிருக்கும் நரம்பு செல்கள் அதை டோபமைனாக்கி (அசைவுக்கு மூளைக்கு வேண்டிய ரசாயனம் இதுதான்) சேமித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுதான். மேல்நிலைத் தொட்டி இருக்கும் வீட்டில் மோட்டாரை இரண்டு வேளை போட்டால் நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் வரும். தொட்டி உடைந்துவிட்டால் மோட்டார் ஓடும்போது மட்டும்தான் வரும். 9 ஆண்டில் தொட்டி பெரும்பாலும் போயிருக்கும். அதற்கப்புறம் குடல் எவ்வளவு வேகமாக மருந்தை உறிஞ்சுகிறது என்பதே உடம்பு எப்படி நடக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. லெவோடோபா தொடங்கி 4 முதல் 6 ஆண்டுக்குள் ஏறக்குறைய நூற்றில் நாற்பது பேருக்கு இந்த ஏற்ற இறக்கம் வந்துவிடுகிறது. அப்பாவுக்கு வந்திருப்பது விதிவிலக்கு இல்லை. மருந்து தோற்றுப்போனதற்கு அடையாளமும் இல்லை.

ஆகவே முதல் வேலை மூன்று நாள் நேரக்குறிப்பு. ஒரு நாளை அரை மணி அரை மணியாகக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்தில் ஒன்று மட்டும்: தூக்கம், ஆஃப் (மருந்து இறங்கி உடம்பு கட்டிப்போன நேரம்), நெளிவு இல்லாத ஆன் (மருந்து வேலை செய்யும் நேரம்), நெளிவு இருந்தும் தொந்தரவு இல்லாத ஆன், தொந்தரவு தரும் நெளிவோடு ஆன். இது உலகம் முழுக்க மருந்து ஆய்வுகளில் பயன்படும் ஹவுசர் நேரக்குறிப்பின் முறை. பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, மாத்திரை விழுங்கிய சரியான நேரம், சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டார், மலம் கழித்தாரா என்பதையும் எழுதுங்கள். மருத்துவமனைத் தாளில் அந்தப் பத்தி இருக்காது, ஆனால் விடை பாதி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இந்தக் குறிப்பு இரண்டு இடத்தில் கெட்டுப்போகும். ராத்திரி உட்கார்ந்து நாள் முழுவதையும் ஞாபகத்திலிருந்து நிரப்புவது ஒன்று. அப்படி எழுதினால் மோசமான நேரம் மட்டும் பெரிதாகத் தெரியும். நடுக்கத்தையும் நெளிவையும் மாற்றி எழுதுவது இன்னொன்று. நடுக்கம் ஒரே தாளத்தில் வரும், வினாடிக்கு நாலிலிருந்து ஆறு முறை, பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது. அது ஆஃப் பக்கம். டிஸ்கைனீசியா என்கிற நெளிவுக்குத் தாளம் கிடையாது. கழுத்து, தோள், இடுப்பு என்று வழுக்கிக்கொண்டு போகும், அந்த நேரத்தில் அவர் எழுந்து நன்றாகவே நடப்பார். இந்த இரண்டையும் குழப்பிவிட்டு ‘சாயங்காலம் ஆட்டம் அதிகம்’ என்று சொன்னால், மருத்துவர் குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிடக்கூடும். சந்தேகம் இருந்தால் செல்போனில் 30 வினாடி வீடியோ எடுங்கள்: ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் பத்து முறை தட்டச் சொல்லுங்கள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்லுங்கள், நாலு எட்டு நடந்து திரும்பி வரச் சொல்லுங்கள். மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று போதும். வெளிநோயாளர் அறையில் பத்து நிமிடம் பார்ப்பதைவிட அந்த இரண்டு வீடியோ அதிகம் சொல்லும்.

குறிப்பு கைக்கு வந்ததும் ஒவ்வொரு வேளைக்கும் இரண்டு கணக்குப் போடுங்கள். விழுங்கியதிலிருந்து வேலை தொடங்க எவ்வளவு நேரம்? தொடங்கியதிலிருந்து இறங்க எவ்வளவு நேரம்? பத்து மணி மாத்திரை 40 நிமிடத்தில் தொடங்கி, பன்னிரண்டரைக்கே இறங்கினால் அது ‘தாங்கவில்லை’ என்ற வகை. அதற்கு இடைவெளியைச் சுருக்கலாம், மூளையில் டோபமைன் உடைவதைக் குறைக்கும் ரசாஜிலின் 1 மி.கி. சேர்க்கலாம், அல்லது ஒவ்வொரு வேளையோடும் என்டகபோன் 200 மி.கி. சேர்த்து லெவோடோபா உடையும் வேகத்தைக் குறைக்கலாம். என்டகபோன் எடுத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் சொல்லுங்கள். மாத்திரை விழுங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியும் தொடங்கவே இல்லை என்றால் அது ‘ஏறவில்லை’ என்ற வகை. அங்கே கோளாறு மூளையில் இல்லை, வயிற்றில். இந்த வகைக்கு அளவைக் கூட்டுவதுதான் பலரும் செய்கிற தவறு.

மதியம் ஒரு மணி மாத்திரை மட்டும் பிடிப்பதில்லை என்று நீங்கள் எழுதியதும் என் கவனம் போனது சாப்பாட்டின் மேல்தான். லெவோடோபா ஓர் அமினோ அமிலம். குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் அது போகிற வழியிலேயே பருப்பு, தயிர், முட்டை, மீன் தருகிற அமினோ அமிலங்களும் போக வேண்டும். சாம்பார் சாதமும் தயிர்ச் சாதமும் சாப்பிட்டுவிட்டு மேலே மாத்திரை போட்டால் அது வரிசையில் நின்றுவிடும். வயிறு நிறைந்திருந்தால் இரைப்பை காலியாகவும் நேரமாகும். பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு இரைப்பை ஏற்கெனவே மந்தம், மலச்சிக்கல் சேர்ந்தால் இன்னும் மந்தம். சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்னாலோ, ஒரு மணி நேரம் கழித்தோ, ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு மாத்திரை என்பது ஐந்து வேளைக்கும் பொருந்தும். காலை மாத்திரையைக் காபியோடு விழுங்கும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது, பாலிலும் புரதம்தான். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள், அது லெவோடோபாவைப் பிடித்துக்கொள்ளும். இதைப் படித்துவிட்டுப் புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள். நோய் முற்றும்போது எடை தானாகவே குறையும், தசை கரையும். தேவைப்பட்டால் பருப்பையும் முட்டையையும் ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தள்ளலாம், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் குறிப்பில் தேடுங்கள். ஒரு மணி மாத்திரை இரைப்பையிலேயே கிடந்து, நான்கு மணி மாத்திரையோடு சேர்ந்து ஐந்து மணிக்கு ஒரேயடியாக ஏறியிருந்தால், மதியம் உறைவதும் சாயங்காலம் நெளிவதும் ஒரே கோளாறின் இரண்டு முனைகள். அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாரம் பன்னிரண்டரைக்கு மாத்திரை, ஒன்றேகாலுக்குச் சாப்பாடு என்று மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். செலவில்லாத சோதனை, மருத்துவரும் மறுக்க மாட்டார்.

அப்படியும் நெளிவு நிற்கவில்லை என்றால் அது எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் முக்கியம். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நடு நேரத்தில், கழுத்து, தலை, கைகளில் வந்தால் அது உச்ச நேர நெளிவு. ஒரு வேளை அளவைக் குறைத்து வேளைகளைக் கூட்டலாம், அல்லது அமன்டடின் சேர்க்கலாம். மாத்திரை ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை, பெரும்பாலும் கால்களில், உதைப்பதுபோல வந்து, நடுவில் சரியாக இருந்தால் அது வேறு வகை. அதற்கு அளவைக் குறைத்தால் மோசமாகும்; இறங்கவிடாமல் அடுத்த வேளையை முன்னால் கொண்டுவர வேண்டும். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், சிகிச்சையோ நேர் எதிர். அப்பா விஷயத்தில் அமன்டடினை அவசரமாகத் தொடங்க நான் தயங்குவேன், ஏனென்றால் அறை மூலையில் ஆள் தெரிவதை அது அதிகமாக்கும்.

அந்த ஆளைப் பற்றி. இல்லாத உருவம் தெரிவது முற்றிய பார்க்கின்சனில் சகஜம்; அப்பாவுக்கு மனநோய் வந்துவிட்டது என்று வீட்டில் யாரும் பேச வேண்டாம். முதலில் திடீர்க் காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள்: சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, விழுந்தபோது தலையில் அடிபட்டு மெல்ல ரத்தம் கட்டியிருப்பது. இரண்டு முறை விழுந்தவருக்குப் புதிதாக உருவம் தெரிந்தால் தலை ஸ்கேன் கேட்பதில் தப்பில்லை. அவையெல்லாம் இல்லை என்றால் மாத்திரைகளைக் கழிக்க வேண்டும், அதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் டிரைஹெக்சிபெனிடில், அதாவது உங்கள் பாசிட்டேன், பிறகு அமன்டடின், பிறகு பிரமிபெக்சோல், ரோபினிரோல் வகை (டோபமைனைப்போல நடிக்கும் மருந்துகள்), அதன்பின் ரசாஜிலின், என்டகபோன் போன்றவை, லெவோடோபாவைக் கடைசியாகத்தான் தொடுவார்கள். 66 வயதில் பாசிட்டேன் கொடுப்பதற்கு எனக்கு நல்ல காரணம் எதுவும் தெரியவில்லை. நடுக்கத்துக்குக் கொஞ்சம் உதவும், ஆனால் ஞாபகத்தை மங்க வைக்கும், மலச்சிக்கலைக் கூட்டும், சிறுநீரை அடைக்கும். வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். இவ்வளவும் செய்தும் உருவங்கள் தொந்தரவு தந்தால் குவெட்டியாபின் 12.5 அல்லது 25 மி.கி.யில் தொடங்குவார்கள், அல்லது ரத்தப் பரிசோதனைக் கண்காணிப்போடு குளோசபின். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற மனநோய் மருந்துகள் இந்த நோயாளிக்குக் கூடாது, உடம்பு கட்டிப்போய்விடும்.

அப்பாவின் மாத்திரைகளில் வெளியே தெரியாத சில குற்றவாளிகளும் இருக்கலாம். அந்தக் கேஸ் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ராபெபிரசோல் அல்லது பான்டோபிரசோலோடு லெவோசல்பிரைடு சேர்ந்திருந்தால், அது டோபமைனையே தடுக்கிற மருந்து. ஆரோக்கியமானவருக்கே பார்க்கின்சன் போன்ற இறுக்கத்தை வரவழைக்கக்கூடியது, நம் ஊரில் கேஸுக்குச் சர்வசாதாரணமாக எழுதப்படுகிறது. வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைடு (பெரிநார்ம்), தலைசுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசின் (ஸ்டெமடில்), சின்னரிசின் (ஸ்டூஜெரான்), ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃபுளூனரிசின் எல்லாம் அதே வகை. வாந்திக்கு ஏதாவது வேண்டும் என்றால் டோம்பெரிடோன் குறைந்த அளவில், இதயத்தின் ஈ.சி.ஜி. பார்த்துத் தரலாம். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பூனைக்காலி விதையில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது. சூரணத்துக்குச் சூரணம் அளவு மாறும். மருத்துவருக்குத் தெரியாமல் அது உள்ளே போனால் நெளிவுக்கும் உருவங்களுக்கும் காரணம் தேடி எல்லோரும் வீணாக அலைய வேண்டியிருக்கும்.

விழுந்ததை ‘பேலன்ஸ் போய்விட்டது’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். எந்த நேரத்தில் விழுந்தார், ஆன் நேரமா ஆஃப் நேரமா, எழுந்ததும் விழுந்தாரா, திரும்பும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டு விழுந்தாரா, முன்னாலா பின்னாலா என்று எழுதுங்கள். எழுந்ததும் விழுபவருக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், அதைச் சரியாகப் பார்க்கிற முறை இது: ஐந்து நிமிடம் மல்லாந்து படுக்க வைத்து ஒரு அளவு, எழுந்து நிற்க வைத்து ஒன்றாவது நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது நிற்கும்போது வரும் அழுத்த வீழ்ச்சி. உட்கார வைத்துப் பார்த்தால் தெரியாமல் போகும், பெரும்பாலான இடங்களில் உட்கார வைத்துத்தான் பார்க்கிறார்கள். வீட்டு மெஷினிலேயே செய்யலாம். காலையில் எழுந்ததும் ஒரு தடவை, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை. விழுந்துவிடாமல் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். வீழ்ச்சி இருந்தால் பழைய பிரஷர் மாத்திரையைத்தான் முதலில் மறுபரிசீலனை செய்ய வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் 160 இருந்தபோது எழுதியது இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும், நோயோ இதற்குள் அழுத்தத்தைத் தானே இறக்கியிருக்கும். பிறகு தண்ணீர், உப்பு, கட்டிலின் தலைமாட்டை உயர்த்துவது, தேவையானால் மிடோட்ரின் அல்லது ஃபுளூட்ரோகார்டிசோன். பிரமிபெக்சோலும் அழுத்தத்தை இறக்கும் என்பதை நினைவில் வையுங்கள்; இது அதைக் குறைக்க இரண்டாவது காரணம்.

ஆஃப் நேரத்தில் கால் ஒட்டிக்கொண்டு விழுந்தால் ஆஃபைக் குறைப்பதுதான் மருந்து. முழு ஆன் நேரத்திலும் விழுகிறார் என்றால் மாத்திரையும் அறுவையும் அதிகம் உதவாது. அங்கே வேண்டியது பிசியோதெரபி, தரையில் குறுக்குக் கோடுகள், எண்ணிக்கொண்டே நடப்பது, திரும்பும்போது அரைவட்டமாகச் சுற்றி வருவது, நடக்கும்போது பேசாமலும் கையில் டம்ளர் ஏந்தாமலும் இருப்பது, குளியலறையில் கைப்பிடி.

இப்போது கணக்கு. எல்லா மருந்துகளையும் லெவோடோபா அளவுக்கு மாற்றிக் கூட்டுவது எங்கள் வழக்கம். சின்டோபா பிளஸில் லெவோடோபா 100 மி.கி., அது மூளைக்குப் போகும் முன் உடையாமல் காக்கும் கார்பிடோபா 25 மி.கி. ஐந்து வேளைக்கு 500. பிரமிபெக்சோல் 1.5 மி.கி.யை 100 ஆல் பெருக்கினால் 150. ஆக 650. ஒன்பதாம் ஆண்டுக்கு இது பெரிய அளவு இல்லை. ‘மாத்திரையைக் கூட்டலாம்’ என்ற மருத்துவர் காற்றில் பேசவில்லை. கூட்டுவது என்றால் பிரமிபெக்சோலை மெல்லக் குறைத்துக்கொண்டே லெவோடோபாவைக் கூட்டுவது எனக்குச் சரியாகப் படுகிறது, ஏனென்றால் உருவங்களுக்கு அதன் பங்கு அதிகம். பிரமிபெக்சோலைப் பற்றி இன்னொரு கேள்வியை அப்பாவிடம் இல்லாமல் அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள்: ஆன்லைன் ரம்மி, லாட்டரி, தேவையில்லாமல் வாங்கிக் குவிப்பது, ராத்திரியில் இனிப்பு தேடித் தின்பது, தாம்பத்திய விஷயத்தில் திடீர் வற்புறுத்தல் இவற்றில் ஏதாவது புதிதாக இருக்கிறதா? இது குணம் கெட்டுப்போனதால் வருவதில்லை, மருந்தால் வருவது. மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் போய்விடும். கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சொல்வதில்லை, சொல்லும்போது பணம் போயிருக்கும்.

‘இப்போதே லெவோடோபாவைக் கூட்டினால் பின்னால் வேலை செய்யாது’ என்று உறவினர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இந்தப் பயத்தில் எத்தனையோ பேர் வேண்டியதைவிடக் குறைவாகச் சாப்பிட்டு முடங்கிக் கிடக்கிறார்கள். 2014-ல் வெளியான ஓர் ஒப்பீட்டில், கானாவில் மருந்து கிடைக்காமல் பல ஆண்டு தாமதமாக லெவோடோபா தொடங்கியவர்களையும் இத்தாலியில் சீக்கிரம் தொடங்கியவர்களையும் பார்த்தார்கள். நோய் தொடங்கி ஏறக்குறைய அதே காலத்தில்தான் இரு பக்கமும் ஏற்ற இறக்கமும் நெளிவும் வந்தன. நோயின் வயதுதான் முக்கியம். மருந்தைச் சேமித்துவைப்பதால் லாபமில்லை. ஒரு நாளில் போடுகிற மொத்த அளவு உடல் எடைக்கு அதிகமாக இருந்தால் நெளிவு கூடும் என்பது மட்டும் உண்மை, ஒல்லியானவர்களுக்கு அதைக் கவனிக்க வேண்டும்.

டி.பி.எஸ். பற்றிச் சொன்னவரும் ஆதாரமில்லாமல் சொல்லவில்லை. எந்த நோயாளியைச் சிறப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதற்கு ‘5-2-1’ என்று ஒரு கணக்கு உண்டு: நாளைக்கு ஐந்து வேளை அல்லது மேல் லெவோடோபா, இரண்டு மணி நேரம் அல்லது மேல் ஆஃப், ஒரு மணி நேரம் அல்லது மேல் தொந்தரவான நெளிவு. மூன்றில் ஒன்று இருந்தாலே முற்றிய நிலையா என்று யோசிக்கச் சொல்கிறது. அப்பாவுக்கு ஒன்றாவது நிச்சயம் இருக்கிறது. ஆனால் அது அனுப்புவதற்கான மணி மட்டும்தான். ஐந்து வேளை 100 மி.கி. எடுப்பவரும், எட்டு வேளை 250 மி.கி. எடுப்பவரும் அந்தக் கணக்கில் ஒன்றாகவே தெரிவார்கள்.

அறுவைக்குப் பொருந்துவாரா என்று பார்க்கும் முக்கியமான சோதனை லெவோடோபா சோதனை. முந்தின ராத்திரியிலிருந்து சுமார் 12 மணி நேரம் மாத்திரை இல்லாமல் காலையில் வர வேண்டும். பிரமிபெக்சோல் போன்றவற்றை அதற்கும் முன்னாலேயே நிறுத்தச் சொல்வார்கள். இது மையத்தின் மேற்பார்வையில் மட்டும். அந்த நிலையில் இறுக்கம், வேகம், நடுக்கம், நடை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். பிறகு வழக்கமான காலை அளவைப்போல ஒன்றரை மடங்கு லெவோடோபா கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி மதிப்பெண். 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அறுவையால் பலன் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். மாத்திரையின் நல்ல நேரத்தில் எது சரியாகிறதோ அதைத்தான் அறுவை நாள் முழுக்கத் தரும். ஆன் நேரத்திலும் சரியாகாத பேச்சு, விழுங்குதல், தள்ளாட்டம் அறுவையிலும் சரியாகாது. மாத்திரைக்கு அடங்காத நடுக்கம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. விழுவது நிற்கும் என்ற நம்பிக்கையில் அறுவைக்குப் போய் ஏமாந்தவர்கள் நிறைய.

அறுவைக்குத் தடை சொல்வது பெரும்பாலும் மூளையின் மற்ற பக்கம்தான்: மறதி நோய், அடங்காத மாயத்தோற்றம், கடும் மனச்சோர்வு. ஞாபகம் பார்க்க மோகா என்ற 30 மதிப்பெண் சோதனை தமிழிலும் உண்டு. ஆன் நேரத்தில், பள்ளிப்படிப்பு எவ்வளவு என்று கணக்கில் எடுத்துச் செய்ய வேண்டும். பாசிட்டேன் உள்ளே இருக்கும்போது அதைச் செய்தால் மருந்தின் மங்கலை நோயின் மங்கலாக எண்ணிவிடுவோம். ஆகவே வரிசை இப்படி இருப்பது நல்லது: முதலில் பாசிட்டேன் வெளியே, லெவோசல்பிரைடு இருந்தால் அதுவும் வெளியே, சாப்பாட்டு நேரம் சீர், அழுத்தம் சீர், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி நேரக்குறிப்பும் மோகாவும். அப்போதும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆஃப் இருந்து, ஞாபகம் நன்றாக இருந்து, உருவங்கள் போயிருந்தால் டி.பி.எஸ். பேச்சு நியாயமானது, 66 வயது தடையில்லை, 70-ஐத் தாண்டினாலும் கண்டிப்பான கதவடைப்பு இல்லை. ரொம்ப வருஷம் தள்ளினால் தகுதியே போய்விடும் என்பதும் உண்மை. மூளையில் ரத்தக்கசிவு நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வரலாம், தொற்றும் வரலாம். சார்ஜ் செய்யாத வகை பேட்டரியைச் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும், அந்தச் செலவை இப்போதே கேட்டு வையுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸிலும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் செய்கிறார்கள், சென்னையிலும் தனியார் மையங்கள் உண்டு. தகுதி இல்லை என்று வந்தால் தோலுக்கடியில் செலுத்தும் அபோமார்பின் பம்ப் ஒரு வழி, ஆனால் அதுவும் உருவங்களையும் அழுத்த வீழ்ச்சியையும் கூட்டக்கூடியது.

நிபுணர்களுக்குள்ளேயே முடிவாகாத விஷயங்களும் இருக்கின்றன. மின்முனையை சப்தாலமிக் கருவில் வைப்பதா, குளோபஸ் பாலிடஸில் வைப்பதா (இரண்டும் மூளையின் ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்தும் இடங்கள்) என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. முன்னதில் மாத்திரையை அதிகம் குறைக்கலாம், பின்னது நெளிவை நேரடியாக அடக்கும், ஞாபகம் கொஞ்சம் தளர்ந்தவர்களுக்குப் பின்னதைப் பலர் விரும்புகிறார்கள். புரதத்தை ராத்திரிக்குத் தள்ளுவதால் யாருக்குப் பலன் என்று முன்கூட்டியே சொல்லவும் வழியில்லை, செய்துதான் பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது நெளிவையும் ஆஃபையும் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். தண்ணீர் குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரக்கிறதா, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணிக்கு மேல் ஆகிறதா, ஆறு மாதத்தில் எடை எவ்வளவு குறைந்தது, தூக்கத்தில் கத்தி உதைக்கிறாரா, ராத்திரி எத்தனை முறை சிறுநீருக்கு எழுகிறார், வலி எங்கே, ஆஃப் நேரத்தில் மட்டும் படபடப்பும் பயமும் வருகிறதா? கடைசியாகச் சொன்னது மாத்திரை இறங்குவதால் வருவது. அதற்கு மனப்பதற்ற மாத்திரையைத் தனியாகச் சேர்த்துக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. விழுங்குவதில் சிக்கல் இருந்தால் பேச்சு மற்றும் விழுங்குதல் பயிற்சியாளரைக் கேளுங்கள். இந்த நோயில் உயிர் போவதற்கு முக்கியக் காரணம் உணவு நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியா. அம்மா ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்பதையும் எழுதுங்கள், சிகிச்சைத் தேவையில் அதுவும் அடக்கம். தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி நிவாரண ஆதரவும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் பார்க்கின்சனும் இருப்பதால் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம்.

வேறு காரணத்துக்காக அப்பாவை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், மாத்திரை நேரங்களைப் பெரிய எழுத்தில் எழுதிப் படுக்கையில் ஒட்டுங்கள். வார்டின் மூன்று வேளை மருந்து வண்டிக்காக அவர் காத்திருக்க முடியாது. வாயால் எதுவும் கூடாது என்று சொன்னால், சின்டோபாவை மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்கலாமா என்று உடனே கேளுங்கள். சாதாரண மாத்திரையைக் கரைக்கலாம், சி.ஆர். என்று போட்டிருப்பதை (மெல்ல மெல்ல மருந்தை விடும் வகை) பொடிக்கக் கூடாது. அதே தாளின் அடியில், மேலே சொன்ன ‘கூடாத’ மருந்துகளின் பெயர்களையும் எழுதிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா வாந்தி எடுத்தால், ஊசி போட வருகிற டியூட்டி டாக்டர் அதைப் பார்க்க வேண்டும்.